சேட்டை, குசும்பு, லந்து, அலப்பறை: மதுரைக்குப் புதியவர்களுக்கு ஒரு பாடம்

மதுரைக்கு வேலைக்கு வந்தவர்களும் வாக்கப்பட்டு வந்தவர்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவங்க என்னைத் திட்டுறாங்களா, விளையாடுறாங்களா?" பெரும்பாலும் விளையாட்டுத்தான். ஆனால் எந்த விளையாட்டு என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல வரும். அதற்கான சொற்களை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: சொல்லோடு வினையையும் சேர்த்துப் பிடியுங்கள்

வெறும் சொல்லை மனப்பாடம் செய்தால் வாயில் வராது. சேட்டை பண்ணுவது. கிண்டலும் நக்கலும் அடிப்பது, பண்ணுவதும் உண்டு. எகத்தாளம் பேசுவது. அலப்பறை கூட்டுவது, இல்லையென்றால் குடுப்பது. லந்து பண்ணலாம், ஆனால் "லந்தக் குடுக்குறான்" என்றால்தான் இந்த ஊர்க் காதுக்கு நிறைவு. குசும்பு கொஞ்சம் வேறு மாதிரி. அதை ஆளிடம் உள்ள குணமாகவே சொல்வோம்: "அவருக்குக் குசும்பு ஜாஸ்தி", "குசும்பு புடிச்ச ஆளுய்யா". கலாய்ப்பதற்கும் ஓட்டுவதற்கும் துணை வேண்டாம், "என்னைய ஓட்டாதண்ணே" என்றால் போதும். (கலாய்ப்பது இன்றைய இளவட்டச் சொல் என்று நினைக்கிறோம். பழைய அகராதிகளில் அது சினப்பது, கலகம் செய்வது.)

படி 2: ஆளின் வயதைப் பாருங்கள்

குழந்தை என்றால் சேட்டை. எழுதும்போது குறும்பு. "ஒத்த நிமிசம் உக்கார மாட்டேங்குறான், ஒரே சேட்டை" என்று அப்பத்தா புகார் சொன்னால், அதில் முக்கால்வாசி பெருமை. நீங்களும் "சரியான வாலு!" என்று சிரித்துவிட்டுப் போகலாம்.

அதே சேட்டை வளர்ந்தவரிடம் போனால் நிறம் மாறிவிடும். "என்ன, சேட்டையா?" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டால் அது எச்சரிக்கை. பெண்களிடம் ஒருவன் சேட்டை பண்ணினான் என்றால் அங்கே விளையாட்டே இல்லை, அது புகார். எனவே பெரியவர்களைப் பாராட்ட இந்தச் சொல்லை எடுக்காதீர்கள். குசும்பு இருக்கிறது, அதை எடுங்கள்.

படி 3: குசும்பையும் நக்கலையும் பிரிக்கப் பழகுங்கள்

கல்யாணப் பந்தியில் நடப்பதைப் பாருங்கள். சாம்பார் வாளியோடு வரும் பையன் கேட்கிறான்: "சாம்பார் எப்படி மாமா?" மாமா இலையைப் பார்த்தபடியே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்கிறார்: "நல்லா இருக்கு மாப்ள. எந்திரிச்சுப் போய்க் கை கழுவுற வேலை மிச்சம்." இது குசும்பு. சிரிப்பது பக்கத்து இலைக்காரர்தான், சொன்னவர் சிரிக்க மாட்டார். இதையே சமையல்காரர் முன்னால் நின்று, உதட்டைச் சுழித்துச் சொல்லியிருந்தால் நக்கல். வரி மாறவில்லை, குறி மாறிவிட்டது.

கோயம்புத்தூர்க்காரர்கள் குசும்பும் லொள்ளும் தங்கள் சொத்து என்பார்கள். இருக்கட்டும், லந்து எங்களுக்கு.

படி 4: லந்தும் அலப்பறையும்

லந்து என்பது எதிராளியைச் சீண்டிப் பார்க்கும் துணிச்சலான கிண்டல். அவர் பதிலுக்குச் சீண்டுவார் என்று தெரிந்தே குடுப்பது. பதிலே வராத இடத்தில் லந்துக்கு வேலையில்லை.

அலப்பறைக்கு எதிராளி வேண்டாம், கூட்டம் வேண்டும். காதுகுத்துக்கு வைக்கும் ஃப்ளெக்ஸ் போர்டைப் பாருங்கள். கூலிங்கிளாஸோடு தாய்மாமன் பாதி போர்டில் நிற்பார். அவருடைய கூட்டாளிகள் இன்னொரு கால்வாசி. காது குத்தப்போகிற பிள்ளை ஒரு மூலையில் வட்டத்துக்குள் இருக்கும். அப்புறம் டிரம் செட், வேட்டு, தலையில் சீர்த்தட்டு, தெருவையே அடைத்த ஊர்வலம். திண்ணையிலிருந்து ஒரு கிழவி, "ஆத்தாடி, மாமன் குடுக்குற அலப்பறைய!" என்பார். குறையும் உண்டு, ரசனையும் உண்டு. சரியான பிரயோகம்.

சலம்பலை இதோடு சேர்க்காதீர்கள், அது பெரும்பாலும் தண்ணி உள்ளே போனபின் வருவது. ஒரண்டை இழுப்பது என்றால் சண்டைக்கே வழி தேடுவது. லந்து கை மீறினால் போய்ச் சேரும் இடம் அதுதான்.

படி 5: முறை தெரிந்து பேசுங்கள்

இங்கே கேலிக்கு முறை உண்டு. மாமன் மச்சான், மதினி கொழுந்தன், அத்தை பிள்ளைகள் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். கிராமத்துத் திருவிழா முடிவில் மஞ்சத்தண்ணி ஊற்றும்போது, முறைக்காரன் எங்கே ஒளிந்தாலும் தேடிப் பிடிப்பார்கள். பெரியப்பா, சித்தப்பா பக்கம் அந்தச் செம்பு போகாது. உங்களைத் தெருவில் "மாப்ள" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால், உங்களை ஓட்ட உரிமை எடுத்துக்கொண்டார்கள் என்று பொருள். "தம்பி" என்கிறவரை நீங்கள் பத்திரம்.

மரியாதையையும் கவனியுங்கள். தினமும் "வாடா" என்கிறவன் திடீரென்று "வாங்க சார், இப்பத்தான் விடிஞ்சுச்சா?" என்றால், மாட்டிக்கொண்டது நீங்கள்தான்.

படி 6: எழுதும்போது

நகைச்சுவை மேடைக்கும் பத்திரிகைக்கும் உள்ள சொல். "அவர் நகைச்சுவை பண்ணினார்" என்று டீக்கடையில் சொன்னால் உங்களையே ஒரு மாதிரி பார்ப்பார்கள். கட்டுரையில் கேலி, பகடி, எள்ளல், நையாண்டி எல்லாம் பொருந்தும். நையாண்டிக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு வாழ்க்கையும் உண்டு: கரகாட்டத்துக்கு நாதஸ்வரம், தவில், பம்பையோடு வாசிப்பது நையாண்டி மேளம். தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. எள்ளலை நம் நக்கலுக்குப் பக்கத்திலும், இளமையைப் பிள்ளைகளின் சேட்டைக்குப் பக்கத்திலும் வைக்கலாம் என்பது என் கணக்கு.

படி 7: பேசிப் பாருங்கள்

முதலில் வாங்கப் பழகுங்கள். யாராவது ஓட்டினால், "போதும்ணே, ரொம்ப லந்து குடுக்குறீங்க" என்று சிரித்தபடி சொல்லுங்கள். "அண்ணே"யை விட்டுவிட்டால் அதே வாக்கியம் முறைப்பாகிவிடும். நீங்கள் ஓட்டும்போது எதிரே இருப்பவர் சிரிக்காமல் "வேணாம்" என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். "சும்மா வெளாட்டுக்குத்தான்ணே, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, ரெண்டு டீ சொல்லுங்கள். காசை நீங்களே குடுத்துவிடுங்கள்.