பிரான்சில் பிரிந்தால் பிள்ளைச் செலவு: பேச்சு போதாது, பத்திரம் வேண்டும்

புதுச்சேரியிலிருந்தோ கடலூரிலிருந்தோ பிரான்சுக்கு வந்து இங்கே கணவன் மனைவி பிரிகிறார்கள் என்றால், முதல் போன் ஊருக்குத்தான் போகும். முத்தியால்பேட்டையில் மாமா, சித்தப்பா எல்லாரும் உட்கார்ந்து 'மாசா மாசம் இவ்வளவு கொடுத்துடுப்பா' என்று முடித்துவிடுவார்கள். பேசட்டும், தப்பில்லை. ஆனால் பணம் நின்றுபோனால் அந்தப் பேச்சை வைத்து இங்கே ஒன்றும் செய்ய முடியாது.

பிள்ளைக்கான மாதத் தொகைக்கு இங்கே பென்சியோன் அலிமாந்தேர் என்று பெயர். இருவரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் பார்த்து முடிவாகும். 18 வயதோடு தானாக நிற்காது, பிள்ளை சொந்தக் காலில் நிற்கும்வரை தொடரும். கல்யாணம் வில்லியனூரில் நடந்திருந்தாலும் சரி, பிள்ளை பிரான்சில் வசித்தால் இங்குள்ள குடும்ப நீதிபதியிடம் கேட்கலாம்.

சம்மதத்தோடு விவாகரத்து என்றால் ஆளுக்கொரு வக்கீல் வைத்து எழுதி, நோத்தேரிடம் (பத்திரம் பதியும் அரசு அங்கீகாரம் பெற்ற சட்ட அதிகாரி) பதிய வேண்டும். 2017 முதல் இதற்குப் பெரும்பாலும் நீதிபதி தேவையில்லை. கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் தொகையில் ஒத்துப்போனால் குடும்ப உதவித்தொகை தரும் காஃப் அலுவலகமே அதற்குச் சட்ட வலிமை கொடுக்கும், செலவும் இல்லை. ஒத்துப்போகவில்லையா, செர்ஃபா 11530 என்ற அரசுப் படிவத்தை நிரப்பி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதுதான். பிள்ளை விஷயம் மட்டும் என்றால் வக்கீல் கட்டாயமில்லை. வக்கீல் வேண்டும், வருமானம் குறைவு என்றால் அரசின் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, பள்ளி கேன்டீன் பில் எல்லாம் எடுத்து வையுங்கள். தமிழில் இருக்கும் சான்றிதழை நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும், பிரெஞ்சு தெரிந்த தம்பி எழுதித் தந்தது செல்லாது.

தீர்ப்போ பதிந்த ஒப்பந்தமோ, பத்திரம் கைக்கு வந்தபின் பெரிய நிம்மதி ஒன்று உண்டு. 2023 முதல் புதிய தீர்ப்புகளில், இருவரும் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, காஃப் நடுவில் நின்று ஒருவரிடம் வாங்கி மற்றவரிடம் கொடுக்கும், அதனால் முகம் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. பணம் வராவிட்டால் 24 மாத நிலுவை வரை அதுவே வசூலிக்க முயலும். தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு, ஒரு பிள்ளைக்கு மாதம் ஏறக்குறைய 200 யூரோ உதவித்தொகையும் தரும். வேண்டுமென்றே இரண்டு மாதத்துக்கு மேல் கொடுக்காமலிருப்பது குற்றம்: 2 ஆண்டு சிறை, 15,000 யூரோ அபராதம் வரை போகலாம்.

கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. வேலை போனால் தொகையைக் குறைக்கச் சொல்லி நீதிபதியிடம் போங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கையில் கொடுத்த ரொக்கத்துக்குச் சாட்சி கிடையாது, ஊரிலிருந்து வாங்கி வந்த வளையல் கணக்கில் வராது. பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தவும் முடியாது, பணம் தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருக்கவும் முடியாது. நம்மவர்கள் அதிகம் சிக்குவது இதில்தான் என்பேன்.

அடி, மிரட்டல் இருந்தால் சமாதானம் பேச உட்காராதீர்கள். முதலில் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான உதவி எண் 3919-ஐ அழையுங்கள், இலவசம், பெயர் சொல்ல வேண்டாம்.

கணவர் புதுச்சேரிக்கே திரும்பிவிட்டால்? பிரெஞ்சுத் தீர்ப்பை அங்கே நேரடியாக நிறைவேற்ற வழியில்லை, அவர் இருக்கும் ஊர் நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும். அது இழுக்கும். அதற்குள் இங்கே காஃப் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.