பழைய போர்ஷே 911-ஆ, பழைய பி.எம்.டபிள்யூ. எம்3-ஆ? பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கடந்த ஆண்டு என் மாலைப் பொழுதுகளை இரண்டு கார் மாடல்களே எடுத்துக்கொண்டன. ஒன்று, 996 என்று அழைக்கப்படும் தலைமுறையைச் சேர்ந்த போர்ஷே 911 கரேரா. மற்றொன்று, இ46 தலைமுறையின் பி.எம்.டபிள்யூ. எம்3. நான் பார்த்தவை எல்லாம் 2003-இல் பிரிட்டனில் பதிவானவை, எல்லாம் கையால் கியர் மாற்றுபவை, விற்பவர்கள் கேட்ட விலையும் ஏறக்குறைய ஒன்றே. முதன்முறையாக இப்படிப்பட்ட கார் வாங்க நினைப்பவர்களுக்காக, நான் செய்தவற்றையும் தவறாகச் செய்தவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

எந்தக் கார் வேகமானது என்ற கேள்வியை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். கரேராவில் பின்னச்சுக்கும் பின்னால் படுக்கைவாக்கில் அமைந்த 3.6 லிட்டர் என்ஜின் 320 குதிரைத்திறன் தருகிறது, எம்3-இன் 3.2 லிட்டர் நேர்வரிசை என்ஜின் 343 தருகிறது, நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை ஏறுகிறது. போர்ஷே ஏறத்தாழ 150 கிலோ எடை குறைவு என்பதால் அந்த வித்தியாசமும் அடிபட்டுப் போகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட ஒன்றுக்கு 5.0 விநாடி, மற்றொன்றுக்கு 5.2 விநாடி. சாலையில் இதை யாராலும் உணர முடியாது. 996-இன் முன்விளக்குகளைப் ‘பொரித்த முட்டை’ என்று கேலி செய்வோர் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேலிதான் இந்த 911-ஐ நம்மைப் போன்றோரின் கைக்கு எட்டும் விலையில் வைத்திருக்கிறது என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை.

படி 1: காகிதங்கள்

வி5சி பதிவுச் சான்றிதழைச் சரிபார்ப்பது, கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றை நான் விளக்கப் போவதில்லை. அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் சாலைத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பற்றி மட்டும் ஒரு சொல்: அதைப் புதியதிலிருந்து பழையதற்குப் படிக்காமல், பழையதிலிருந்து புதியதற்குப் படியுங்கள். ஓர் ஆண்டில் ‘ஆயில் கசிவு’ என்ற எச்சரிக்கை இருந்து மறு ஆண்டு அது காணாமல் போயிருந்தால், இடையில் அதைச் சரிசெய்ததற்கான ரசீது விற்பவரிடம் இருக்க வேண்டும். ரசீது இல்லையென்றால், கசிவு நின்றதா, சோதனைக்கு முன்பு துடைக்கப்பட்டதா என்று உங்களுக்குத் தெரியாது.

படி 2: பணத்தைப் பிரித்து வைத்தல்

கையிலிருக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை, காரின் விலையில் சேர்க்காமல் தனியே ஒதுக்குங்கள். பிறகு, ஒவ்வொரு காரையும் பற்றி இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: இதில் அதிகச் செலவு வைக்கும் பழுது எது? பணம் கொடுப்பதற்கு முன் அதை என் கண்ணால் பார்க்க முடியுமா? என் முடிவு முழுவதும் இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த விடையில்தான் நின்றது.

படி 3: எம்3-இன் அடித்தளம்

இ46-இல் பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம், காரின் அடித்தளத் தகட்டில் நான்கு இடங்களில் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த இடங்களில் தகடு விரிசல் விடுவதும், புள்ளிப் பற்றவைப்புகள் பிரிவதும் இந்த மாடலில் அனைவரும் அறிந்த நோய். காரை லிஃப்டில் ஏற்றி, நல்ல டார்ச் விளக்கோடு நான்கு இடங்களையும் சுற்றிப் பாருங்கள். டிக்கியின் விரிப்பைத் தூக்கித் தகடுகள் சேரும் விளிம்புகளையும் பாருங்கள். விரிசல் இருந்தால், பின்சக்கர அமைப்பு முழுவதையும் இறக்கிவிட்டு வலுவூட்டும் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். செலவு பெரிதுதான், ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்பே அளவு தெரிந்த செலவு.

என்ஜினில் இரண்டு விஷயங்கள் முக்கியம். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகள் தேய்ந்தால் என்ஜினே போய்விடும் என்பதால், அவற்றைக் கிளட்ச் போல அவ்வப்போது மாற்ற வேண்டிய பொருளாகவே கருதுங்கள். மாற்றிய ரசீது இல்லாத காருக்கு அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள். அடுத்தது, வால்வு நேரத்தை மாற்றும் வேனோஸ் அமைப்பு: எக்சாஸ்ட் பக்கத்து ஹப்பில் உள்ள சிறிய நாக்குகள் உடைந்து என்ஜினுக்குள் விழக்கூடும். வால்வு இடைவெளி சரிபார்த்த ரசீதும் கேளுங்கள், அதைத் தவிர்த்துவிட்டு ஆயில் மட்டும் மாற்றிய கார்கள் ஏராளம்.

கிளட்ச் பெடல் இல்லாத, கணினி இயக்கும் எஸ்.எம்.ஜி. கியர்பாக்ஸ் உள்ள எம்3-ஐ நான் வாங்க மாட்டேன். வாங்கத் துணிபவர்கள், ஓட்டுநர் கதவைத் திறந்தவுடன் அதன் ஹைட்ராலிக் பம்ப் சில விநாடிகள் சுழலும் ஒலியைக் கவனியுங்கள். அந்தப் பம்ப்தான் இதில் முதலில் கைவிடும் உறுப்பு.

படி 4: போர்ஷேயின் என்ஜின், நான் தடுக்கி விழுந்த இடம்

996 என்றவுடன் எல்லோரும் ஐ.எம்.எஸ். பேரிங்கைத்தான் பேசுவார்கள். என்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்கும் அந்தப் பேரிங் உடைந்தால் என்ஜின் அழிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் 2003-ஆம் ஆண்டுக் காரில், கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸைக் கழற்றும்போதே அதையும் புதிதாகப் போட்டுவிடலாம். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த, 2006 முதல் 2008 வரையிலான 911-களில் பேரிங் பெரியது. வலுவானது என்றாலும், என்ஜினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. ஆகவே 996-ஐப் பொறுத்தவரை, கிளட்ச் ரசீதும் பேரிங் ரசீதும் ஒரே தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள், போதும்.

என்னைத் தடுக்கியது சிலிண்டர் சுவரில் விழும் கீறல். இந்த என்ஜினில் இரும்பு உறை கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியச் சுவரில்தான் பிஸ்டன் நேரடியாக ஓடுகிறது. பிஸ்டனின் பக்கவாட்டுப் பூச்சு தேய்ந்தவுடன், அலுமினியமும் கடினமான சிலிக்கானும் உரசிச் சுவரில் நெடுங்கோடுகள் விழுகின்றன. நான்கு, ஐந்து, ஆறு என்ற எண்களைக் கொண்ட சிலிண்டர்கள் இருக்கும் பக்கமே பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. ஒரு பக்கத்துப் புகைக்குழாயில் மட்டும் கரி அதிகமாகப் படிவதும், ஆயில் குறைவதும், சூடேறிய பின்னும் நிற்காத தட்டொலியும் இதன் அடையாளங்கள்.

நான் முதலில் பார்த்த காரில் இவை எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, விற்பவர் சம்மதித்ததால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் குழாய்க் கேமராவை நானே உள்ளே விட்டேன். ஆறு சிலிண்டர்களிலும், உற்பத்தியின்போது தீட்டப்பட்ட குறுக்குக்கோடுகள் திரையில் அழகாகத் தெரிந்தன. படம் பிடித்துக்கொண்டேன், கை குலுக்கினேன், முன்பணமும் பேசிவிட்டேன். ஏதோ ஒரு தயக்கத்தில், இந்த என்ஜின்களை மட்டுமே பழுதுபார்க்கும் ஒருவரிடம் அந்தப் படங்களைக் காட்டியபோது, ‘பிஸ்டன் எங்கே நிற்கும்போது எடுத்தீர்கள்?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இங்கே நிதானமாகப் படியுங்கள். பிளக் துளை சிலிண்டரின் தலைப்பக்கம் இருக்கிறது. பிஸ்டன் நடுவழியில் நின்றால், அதற்கு மேலே உள்ள சுவர் மட்டுமே கேமராவுக்குத் தெரியும். கீறலோ பெரும்பாலும் கிராங்க் பக்கத்து முனையில்தான் தொடங்குகிறது. பிஸ்டனை முழுவதும் கீழே இறக்கினாலும், அந்த முனையைப் பிஸ்டனே மறைத்துக்கொண்டு நிற்கும். எனவே மேலிருந்து பார்த்து ‘கீறல் இருக்கிறது’ என்று சொல்லலாமே தவிர, ‘கீறல் இல்லை’ என்று சொல்ல முடியாது. சரியான முறை இதுதான்: ஆயிலை வடித்து, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் தட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனையும் மேல்முனைக்குக் கொண்டுபோய், கீழ்ப்பக்கத்திலிருந்து கேமராவை விட்டுப் பார்ப்பது. அப்படிப் பார்த்தபோது, ஆறாவது சிலிண்டரில் விரல் நீளத்துக்கு மூன்று சாம்பல்நிறக் கோடுகள் இருந்தன.

இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். புதிய ஆயில், ஃபில்டர், சம்ப் ஒட்டுப்பசை, மெக்கானிக் கூலி அனைத்தும் என் செலவு என்று எழுத்திலேயே சொன்னபோது ஒருவர் ஒத்துக்கொண்டார். வேறு இருவர் மறுத்தார்கள். மறுப்பவர் ஏமாற்றுக்காரர் என்று பொருளில்லை, ஆனால் அவருடைய காரை நீங்கள் வாங்க வேண்டியதில்லை. வடித்த பின் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல், அறுத்து விரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேமராவைப் பற்றி என் கருத்து: கைப்பேசியில் செருகும் மலிவான வகையை வாங்காதீர்கள். அதன் நுனி நேராக மட்டுமே பார்க்கும்; சுவரைப் பார்க்க, நுனி வளையும் வகையோ பக்கவாட்டில் இரண்டாவது கேமரா உள்ள வகையோ வேண்டும்.

படி 5: கணினியிடம் கேட்பது

காரின் கணினியைப் படிக்கும், எல்லாக் காருக்கும் பொதுவான ஓ.பி.டி. கருவி இங்கே உதவாது. போர்ஷேக்கு டியூராமெட்ரிக், பி.எம்.டபிள்யூ.வுக்கு இன்பா என்ற மென்பொருள்களே என் தேர்வு. இன்பாவை நிறுவுவது ஒரு சனிக்கிழமையை விழுங்கும், ஆனால் அதில் வேனோஸ் சோதனையை நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம்.

போர்ஷேயின் கணினியில் என்ஜின் ஓடிய மொத்த மணிநேரம் பதிவாகியிருக்கும். நான் பார்த்த ஒன்றில் 82,000 மைல், 2,700 மணிநேரம்: மணிக்குச் சராசரி 30 மைல், இயல்பானது. இன்னொன்றில் 71,000 மைலுக்கு 4,400 மணிநேரம், அதாவது சராசரி 16 மைல். வாழ்நாள் முழுவதும் நெரிசலில் நின்ற காராகவும் இருக்கலாம், மைல்கணக்கைக் குறைத்த காராகவும் இருக்கலாம், எம்.ஓ.டி. வரலாற்றோடு ஒப்பிடுங்கள்.

அதே திரையில், சுற்றுவரம்பை மீறிய கணக்கு இரண்டு நிலைகளாக இருக்கும். இரண்டாம் நிலை, கியரைத் தவறாகக் கீழிறக்கினால் மட்டுமே வரும். அங்கே 300 என்று பார்த்தவுடன் பயந்துவிடாதீர்கள். அது எத்தனை முறை மீறினார்கள் என்பதன் கணக்கன்று, எத்தனை முறை தீப்பொறி விழுந்தது என்பதன் கணக்கு. ஆறு சிலிண்டர் என்ஜினில் 7,500 சுற்றில் விநாடிக்கு 375 பொறிகள் விழும். எனவே 300 என்பது ஒரு விநாடிக்கும் குறைவு. கடைசியாக எத்தனையாவது மணிநேரத்தில் நடந்தது என்றும் காட்டும். அதற்குப் பின் நூற்றுக்கணக்கான மணிநேரம் ஓடியிருந்தால் நான் கவலைப்பட மாட்டேன்.

படி 6: ஓட்டிப் பார்த்தல்

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். என்ஜின் மூடியில் (போர்ஷேயில் அது பின்பக்கம்) கை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். எம்3-இல் சுற்றுமானியைச் சுற்றி ஆரஞ்சு விளக்குகள் இருக்கும். ஆயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணையும். விற்பவரை முதலில் ஓட்டச் சொல்லி, அந்த விளக்குகளை அவர் மதிக்கிறாரா என்று பக்கத்து இருக்கையிலிருந்து பாருங்கள்.

நான் வாங்கியது எம்3. ஓட்டுவதற்கு எனக்குப் பிடித்தது போர்ஷேதான், அதன் ஸ்டீயரிங் கைகளுக்குச் சொல்லும் செய்தி வேறு எதிலும் கிடைக்கவில்லை. ஆனால் எம்3-இன் பெரிய பழுதைக் காருக்கு அடியில் படுத்தால் பார்த்துவிடலாம்.

பின்சேர்க்கை 1: சாலை வரியை நான் குறிப்பிடவில்லை என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், சரிதான். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார்களுக்கு, வெளியிடும் கார்பன் டையாக்சைடு எவ்வளவு அதிகமானாலும் வரி ‘கே’ பிரிவைத் தாண்டாது. அந்தத் தேதியில் அல்லது அதற்குப் பின் பதிவான கடைசி இ46 எம்3-கள் மிக உயர்ந்த வரிப் பிரிவில் விழும். 2001 மார்ச்சுக்கு முன் பதிவான 996-களுக்கு என்ஜின் அளவை வைத்தே வரி. லண்டனுக்குள் ஓட்டுபவர்கள், அதிக மாசு வெளியிடும் கார்களுக்கான யூலெஸ் கட்டணம் உண்டா என்று பதிவெண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், நாளுக்கு 12.50 பவுண்ட்.

பின்சேர்க்கை 2: படி 3-ஐத் திருத்த வேண்டியிருக்கிறது. அடித்தளத்தில் புதிதாகப் பூசிய கரிய துருத்தடுப்புப் பூச்சு விரிசலை மறைத்துவிடும் என்று இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். மறுநாள் என் காரை ஏற்றி, பிளாஸ்டிக் சுரண்டியால் நான்கு இடங்களிலும் பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன். இடப்பக்க முன் பொருத்தத்தில், மயிரிழை தடிமனில் ஓர் அங்குல நீளக் கோடு இருக்கிறது. தகடு வைத்துப் பற்றவைக்க அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறேன், படி 2-இல் ஒதுக்கிய பணத்திலிருந்து.