டர்பனில் ஆடிக்கூழ்: மீலி மாவில் காய்ச்சும் முறை

ஆடி பிறந்ததும், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "ஆன்ட்டி, கேழ்வரகு மாவு இங்கே எங்கே கிடைக்கும்?" தேடினால் கிடைக்கும். தேட வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்திய வம்சாவளியினர் மிகுந்த எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியில் மாரியம்மனுக்குக் கூழ் என்றால் வெள்ளை மக்காச்சோள மாவில்தான். மீலி மாவு என்போம். அம்மன் இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இது வசதிக்காக நேற்று வந்த மாற்றமல்ல. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து 342 பேரை டர்பன் துறையில் இறக்கியது. 1911 வரை மதராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் படி அளந்தபோது அரிசி, பருப்பு, உப்பு கிடைத்தன. அரிசிக்குப் பதில் சில நாள் மீலி மாவும் அளந்தார்கள். அரிசி கடல் தாண்டி வர வேண்டும், மக்காச்சோளமோ கொல்லைக்கு அப்பாலேயே விளைந்தது. கூழ் ஊற்றும் நேர்த்திக்கடனை விட முடியுமா? கையில் இருந்த மாவில் காய்ச்சினார்கள்.

"கேழ்வரகுதானே நம் மண்ணின் தானியம்?" என்று வாதாடுபவர்களுக்கு ஒரு செய்தி: கேழ்வரகே ஆப்பிரிக்காவில் பிறந்து, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்குப் போனது. இம்மண்ணின் மக்களான ஜூலுக்கள் அதை 'உபோக்கோ' என்று அழைத்து இந்த மாநிலத்திலேயே விளைவித்திருக்கிறார்கள். மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்தது. கூழுக்குக் கடித்துக்கொள்ளும் பச்சைமிளகாயும் அப்படித்தான். யார் வந்தேறி என்று பானைக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் உப்பும் தண்ணீரும்தான் மிஞ்சும்.

சரி, வேலைக்கு வருவோம். முப்பது டம்ளர் கூழுக்கு நான்கு கப் நைசான மீலி மாவு, ஒரு கப் நொய், இரண்டு லிட்டர் அமாசி (புளித்த பால்), கல் உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை போதும். சின்ன வெங்காயத்துக்கு அலைய வேண்டாம். பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கினால் சரியாக இருக்கும்.

முதல் வேலை மாவைப் புளிக்கவைப்பது. ஆறு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவு சேர்த்துக் கலக்குங்கள். ஊரில் இதைச் செய்ய மாட்டார்கள். ஜூலு வீடுகளில் மீலிக் கஞ்சியைப் புளிக்கவைத்து 'அமாஹேவு' என்ற பானம் செய்யும்போது கோதுமை மாவைத்தான் உறைபோல இடுவார்கள். எதிர்வீட்டுக் கோகோ, அதாவது ஜூலுப் பாட்டி, என் ஆயாவுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆயா எனக்குச் சொன்னாள். காரணமும் இருக்கிறது: இங்கே ஆடி குளிர்காலம். சென்னை வெயிலில் ஓர் இரவில் பொங்கும் மாவு, ஜூலை மாத டர்பனில் சோம்பிக் கிடக்கும். பாத்திரத்தைத் துணியால் மூடி, பழைய கம்பளி சுற்றி, அடுப்படியில் வையுங்கள். ஓர் இரவில் தயங்கினால் இன்னோர் இரவு விடுங்கள். மேலே தெளிந்த நீர் நிற்கும், கரண்டி விட்டால் சிறு குமிழிகள் வெடிக்கும், மூக்கில் இளம் புளிப்பு வாடை ஏறும். அதுதான் பதம். இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ பூஞ்சை தெரிந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள்.

காய்ச்சுவதற்கு அடிகனமான பாத்திரம் அவசியம். டச்சுக்காரர்கள் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த மூன்றுகால் இரும்புப் பானை எங்கள் தெருவில் பல வீடுகளில் உண்டு. கோயில் கூழுக்கு அதைவிட நல்லது கிடையாது. பதினாறு கப் தண்ணீர் கொதித்ததும் நொய்யைப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். பிறகு தீயைத் தணித்து, புளித்த மாவை ஒரு கையால் மெல்ல ஊற்றிக்கொண்டே மறு கையால் துடுப்பைச் சுழற்றுங்கள். இந்த இடத்தில் போன் அடித்தால் எடுக்காதீர்கள். மீலி மாவு கேழ்வரகைவிட வேகமாகக் கட்டி விழும். விழுந்த கட்டி உள்ளே வேகாமல் பச்சையாக நிற்கும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும். இறுகினால் வெந்நீர் ஊற்றலாம், பச்சைத்தண்ணீர் வேண்டாம்.

இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் கையால் பிசைந்து கரையுங்கள். இப்போது அமாசி. எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் 'மாஸ்' என்ற பெயரில் பாட்டிலில் கிடைக்கும் ஜூலுக்களின் புளித்த பால் அது. நம் தயிரைவிடப் புளிப்பு மென்மையானது, திரி திரியாக இருக்கும். தண்ணீர் விட்டு நன்றாகக் கடைந்து ஊற்றுங்கள். ஜூலு வீடுகளில் உதிரியான மீலிக் களியை அமாசியோடு உண்பது அன்றாட வழக்கம். அதனால் கூழ் வாங்க வரும் அவர்களுக்கு நம் டம்ளரில் இருப்பது அந்நியமாகத் தெரிவதில்லை. பச்சைமிளகாயைக் கடித்ததும்தான் முகம் மாறும்! இப்போது மிளகாயையே கூடுதலாகக் கேட்கிறார்கள். மசாலா ஏறாத சமையலறையே இந்த நாட்டில் அரிது. மீலிக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் சக்கலக்காவிலும் குழம்புப் பொடி மணக்கிறது.

உப்பு, வெங்காயம், கறிவேப்பிலை கடைசியில். தொட்டுக்கொள்ளப் பூசணிக்காயைக் கடுகும் காய்ந்தமிளகாயும் தாளித்துக் குழைய வதக்குவது என் வீட்டு வழக்கம். கருவாட்டுக் குழம்பு வைப்பவர்களும் உண்டு. ஆனால் பாக்கெட் ஊறுகாய் வைத்து ஒப்பேற்றுபவர்களை நான் மன்னிப்பதில்லை.

பானைக்குக் கட்டும் வேப்பிலை விஷயத்தில் கவனம் தேவை. வேம்பு கிடைக்காமல் நம் மூத்தவர்கள் இங்கே சாலையோரம் தானாக வளரும் மலைவேம்பின் கொத்தைக் கட்டத் தொடங்கினார்கள். கட்டுவதற்கு மட்டும்தான் அது. அதன் காய் நஞ்சு. இலையையும் கூழில் போடக் கூடாது, பிள்ளைகள் காயைப் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய கூழை அமாசி சேர்க்காமல் எடுத்துவைத்திருந்தால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். சேர்த்ததை அன்றே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அடியில் பிடித்த தீயலைத் தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள். இரும்புப் பானையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் துரு ஏறும். கழுவித் துடைத்து எண்ணெய் தடவிக் கவிழ்த்து வையுங்கள்.