சாதாரண காருக்கு ப்ரீமியம் பெட்ரோல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியவுடன் ‘நார்மலா, பவரா?’ என்று கேட்கிறார்கள். சிறிய குடும்பக் கார் வைத்திருக்கும் பலர், விலை கூடிய பெட்ரோல் இன்ஜினுக்கு ஏதோ ஒரு வகையில் நல்லது செய்யும் என்று நம்பி இரண்டாவதைக் கேட்டு நிரப்புகிறார்கள். காரின் மீது அக்கறை உள்ளவர்களே இப்படிச் செய்கிறார்கள் என்பதால், அந்த அக்கறை எங்கே வழி தவறுகிறது என்பதை விளக்கமாகப் பார்ப்பது நல்லது.

எல்லாத் தவறுகளுக்கும் வேராக இருப்பது, ஆக்டேன் எண்ணை எரிபொருளின் ஆற்றல் அளவாக எண்ணிக்கொள்வது. 95 என்று எழுதிய பெட்ரோலில் 91-ஐ விடக் கூடுதல் சக்தி அடங்கியிருக்கிறது என்று தோன்றுவது இயல்புதான்; ஆனால் அந்த எண் சொல்வது வேறொன்று. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்தும்போது அது சூடேறுகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஓரிடத்தில் தொடங்கி ஒழுங்காகப் பரவ வேண்டும். அப்படிப் பரவி முடிவதற்குள், மூலையில் மீந்திருக்கும் கலவை வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொண்டால், உலோகத்தில் தட்டுவது போன்ற ‘நாக்கிங்’ சத்தம் எழுகிறது. இவ்வாறு தானாகப் பற்றாமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதையே ஆக்டேன் எண் குறிக்கிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, எளிதில் பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, அவற்றோடு ஒப்பிட்டு இந்த எண் கணிக்கப்படுகிறது. ஆக்டேனும் ஆற்றலும் வேறு என்பதற்கு எத்தனாலே போதுமான சான்று: அதன் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டியது, ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இதிலிருந்து, கூடுதல் ஆக்டேன் யாருக்குப் பயன்படும் என்பதும் தெளிவாகிறது. கலவையை மிக அதிகமாக அழுத்தும் இன்ஜினுக்கும், டர்போ வழியாகக் காற்றைத் திணிக்கும் இன்ஜினுக்கும் நாக்கிங் அபாயம் அதிகம் என்பதால் அங்கே அந்தத் தாங்குதிறனுக்கு வேலை இருக்கிறது. 91 ஆக்டேனுக்கென்று வடிவமைக்கப்பட்ட, டர்போ இல்லாத சிறிய இன்ஜினோ அந்த எல்லைக்குள்ளேயே வேலை செய்கிறது. தேவைக்கு மேல் கிடைக்கும் தாங்குதிறனை எடுத்துப் பயன்படுத்த அதனிடம் வழி இல்லை. அமெரிக்காவின் மோட்டார் வாகனச் சங்கமான ஏஏஏ, 2016-இல் சாதாரண பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்ட நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர் கார்களைச் சோதித்துப் பார்த்து, ப்ரீமியம் பெட்ரோலால் திறனிலோ மைலேஜிலோ புகையிலோ குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்று அறிவித்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் அந்நாட்டு வாகன ஓட்டிகள் தேவையின்றி ப்ரீமியம் நிரப்பி 210 கோடி டாலருக்கு மேல் வீணாக்கியதாகவும் அது மதிப்பிட்டது.

அமெரிக்கத் தகவல்களைப் படிப்போர் செய்யும் ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே 87 சாதாரணம், 91 முதல் 93 வரை ப்ரீமியம் என்பதைக் கண்டு, நம் ஊரின் 91 அவர்களுடைய ப்ரீமியத்துக்கு நிகர் என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். உண்மையில் இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். இந்தியாவில் பயன்படும் ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் எண்) ஒரே சோதனையின் முடிவு. அமெரிக்க பம்புகளில் எழுதப்பட்டிருப்பது, அந்தச் சோதனையும் அதைவிடக் கடுமையான இன்னொரு சோதனையும் தரும் எண்களின் சராசரி. எனவே அமெரிக்காவின் 87, நம் 91-ஐ ஒட்டியதே. இணையத்தில் கிடைக்கும் எந்த அறிவுரையையும், எண் எந்த அளவுகோலில் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் நம் காருக்குப் பொருத்தக் கூடாது.

இந்தியாவில் நிலைமை சில ஆண்டுகளில் மாறியும் இருக்கிறது. இ20 எனப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கான இந்தியத் தரநிர்ணயம் குறைந்தபட்சம் 95 ஆக்டேன் கேட்கிறது. முன்பு 88 ஆகவும் பின்னர் 91 ஆகவும் இருந்த சாதாரண பெட்ரோலின் ஆக்டேன், இ20 கலப்பால் 95-ஐ எட்டியிருப்பதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் தெரிவித்தது. ஆக, 95 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பவர், சாதாரண குழாயிலேயே கிடைப்பதற்கு இரண்டாம் முறை விலை கொடுக்கிறார். இ20 பிடிக்காமல் 95 ஆக்டேன் ப்ரீமியத்துக்கு மாறுபவர்களும் ஏமாற்றமே அடைவார்கள், ஏனெனில் ப்ரீமியம் என்ற பெயர் எத்தனால் இல்லை என்று பொருள்படாது. எத்தனால் கலக்காத இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100, 2020 டிசம்பரில் அறிமுகமானது. உயர்திறன் இன்ஜின்களுக்கான அந்த 100 ஆக்டேன் பெட்ரோலை, அதன் விலையைப் பார்த்தாலே சாதாரண காரின் தினசரி ஓட்டத்துக்கு யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள்.

ப்ரீமியம் இன்ஜினைச் சுத்தம் செய்யும் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. பல ப்ரீமியம் வகைகளில் படிவு நீக்கும் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன; அவை இன்ஜெக்டர்களில் அழுக்கு சேர்வதைக் குறைக்கக்கூடும். ஆனால் அந்தச் சேர்மத்துக்கும் ஆக்டேனுக்கும் தொடர்பில்லை. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜின்களில் எரிபொருள் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை என்பதால், எவ்வளவு நல்ல சேர்மமும் அந்த வால்வைக் கழுவ முடியாது.

இவற்றையெல்லாம் விடத் தீங்கானதாக நான் கருதுவது, கோளாறை ப்ரீமியம் ஊற்றி மறைப்பது. மேட்டில் ஏறும்போது கார் தட்டுகிறது, ப்ரீமியம் போட்டதும் சத்தம் குறைந்தது என்றால், பெட்ரோல் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலிண்டருக்குள் கார்பன் படிந்திருக்கலாம், பொருந்தாத ஸ்பார்க் பிளக் மாட்டப்பட்டிருக்கலாம், கூலன்ட் குறைந்து இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கலாம். ஓட்டும் முறையும் காரணமாகலாம்: ஏற்காட்டு மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் மூன்றாவதிலேயே ஆக்சிலேட்டரை அழுத்தினால் நல்ல இன்ஜினும் திணறித் தட்டும். மேனுவல் சொல்லும் பெட்ரோலை நிரப்பியும் நாக்கிங் தொடர்ந்து கேட்டால், போக வேண்டிய இடம் மெக்கானிக்கிடம்தான். சத்தம் அடங்கிய பின்னும் அதை உண்டாக்கிய கோளாறு உள்ளே வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

‘மைலேஜ் கூடியது, என் கண்ணால் பார்த்தேன்’ என்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு டேங்கை வைத்தோ, டேஷ்போர்டில் தெரியும் எண்ணை வைத்தோ சொல்கிறார்கள். நெரிசல், ஏசி, டயர் காற்று ஆகியவை மைலேஜை எளிதில் மாற்றிவிடும். கணக்கு என்ன கேட்கிறது என்று பாருங்கள்: சாதாரண பெட்ரோல் 100 ரூபாய், ப்ரீமியம் 108 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் கார் 17.3-ஐத் தொட்டால்தான் போட்ட பணமாவது திரும்பும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் கூடுதல் செலவு 500 ரூபாய், ஆண்டுக்கு 6,000 ரூபாய். அந்தத் தொகையில் உரிய காலத்தில் ஆயில் மாற்றலாம், ஏர் ஃபில்டரும் பிளக்கும் வாங்கலாம். காருக்கு உண்மையில் பலன் தருவது அதுதான். எனினும் சோதித்தே ஆக வேண்டும் என்பவர்கள், ஒரே பங்கில் முழு டேங்கிலிருந்து முழு டேங்க் வரை, ஒரே பாதையில், ஒவ்வொரு வகையிலும் பல டேங்குகள் ஓட்டி, நிரப்பிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் எழுதி வைத்து வகுத்துப் பார்க்கட்டும்.

எதிர்த் திசையிலும் தவறு நேர்வதுண்டு. ப்ரீமியம் வீண் என்று கேட்டவுடன், அதைக் கட்டாயமாகக் கேட்கும் காருக்கும் சாதாரணத்தை நிரப்புவது சரியல்ல. மேனுவலில் அல்லது பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் குறைந்தபட்ச ஆர்ஓஎன் எண் இருக்கும். அது கட்டாயமா, பரிந்துரை மட்டுமா என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ப்ரீமியத்தைப் பரிந்துரை மட்டும் செய்யும் கார்களில், 2017-இல் ஏஏஏ கண்ட சராசரி முன்னேற்றம் மைலேஜில் 2.7 விழுக்காடு, திறனில் 1.4 விழுக்காடு. அத்தகைய இன்ஜினில் நாக் சென்சார் தட்டலை உணர்ந்ததும் கணினி பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். அதனால் சாதாரணத்திலும் கார் பாதுகாப்பாக ஓடும், இழுவை மட்டும் சற்றுக் குறையும். கட்டாயம் என்று எழுதியிருக்கும் காரில், வழியில் வேறு பெட்ரோல் கிடைக்காமல் போனால், அடுத்த பங்க் வரைக்குப் போதுமான அளவு மட்டும் நிரப்பி, ஆக்சிலேட்டரை மிதமாக அழுத்தி, மலையேற்றத்தையும் அதிக பாரத்தையும் தவிர்த்து ஓட்டிச் செல்லலாம்.