சாதா கேமராவில் இரவுப் படம்: ஐ.எஸ்.ஓ.வைக் கட்டிப் போடுங்கள்

இருட்டில் எடுத்த படம் புள்ளி புள்ளியாக, சொரசொரவென்று வந்தால் எல்லோரும் முதலில் கேமராவைத்தான் திட்டுகிறார்கள். நான் இன்னமும் சட்டைப் பையில் அடங்குகிற கேமராவில்தான் இரவுப் படம் எடுக்கிறேன். அதன் ஷட்டர் 15 வினாடிக்கு மேல் திறந்திருக்காது. அந்த 15 வினாடியே தாராளம். திட்டுவதென்றால் ஆட்டோ மோடைத் திட்டுங்கள்.

ஆட்டோவில் விட்டால் கேமராவுக்கு ஒரே கவலை, கை ஆடிவிடுமோ என்பதுதான். அதனால் ஷட்டரைச் சீக்கிரம் மூடிவிடும். குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்கிற அளவை, 1600, 3200 என்று ஏற்றிவிடும். பாக்கெட் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கிற சென்சார் (படத்தைப் பதிக்கிற சில்லு) சுமார் 6 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. உயரம். பெரிய கேமராக்களின் ஃபுல் ஃப்ரேம் சென்சாரோ 36க்கு 24. பரப்பளவில் ஏறக்குறைய 30 மடங்கு வித்தியாசம். இவ்வளவு சின்ன சென்சாரில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் நிழல் பகுதியெல்லாம் குழம்பிப்போகும். அதே சென்சாருக்கு ஐ.எஸ்.ஓ. 80லோ 100லோ வைத்து நிறைய நேரம் கொடுத்துப் பாருங்கள், படம் வழவழவென்று வரும். ஆக, ஐ.எஸ்.ஓ.வை அடிமட்டத்தில் கட்டிப் போட்டுவிட்டு மிச்ச வேலையை நேரத்திடம் விட வேண்டும்.

நேரம் கொடுப்பதென்றால் கேமரா அசையக் கூடாது. ட்ரைபாட் இருந்தால் நல்லது. அதன் நடுத்தண்டை மட்டும் உயர்த்தாதீர்கள், காற்றில் அதுதான் முதலில் ஆடும். இல்லையென்றால் பழைய சாக்ஸில் மணலை நிரப்பி முடிச்சுப் போட்டு, மதில் சுவரில் வைத்து அதன்மேல் கேமராவை அழுத்தி உட்கார வையுங்கள். சின்ன கேமரா எடை குறைவு என்பதால் இதுவே போதும். தொங்குகிற வாரைக் கழற்றிவிடுங்கள். ஷட்டர் பட்டனை அழுத்துவதே ஒரு குலுக்கல்தான், அதனால் 2 வினாடி செல்ஃப் டைமர் கட்டாயம். ட்ரைபாட் கொஞ்சம் லொடலொடப்பாக இருந்தால் 10 வினாடி. ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். கை ஆட்டத்தைச் சரிக்கட்டுகிற ஸ்டெபிலைசேஷனையும் அணைப்பது நல்லது, ஆட்டமே இல்லாத இடத்தில் ஆட்டத்தைத் தேடிப்போய் சில கேமராக்களில் அதுவே படத்தை ஆட்டிவிடும்.

எல்லாம் செய்தாயிற்றா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனைப் படம் எடுத்து, தூரத்து விளக்குகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒரே மாதிரி புழுவாக நெளிந்திருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. ஒன்று மட்டும் நெளிந்திருந்தால் அந்த விளக்குதான் ஆடியது, கேமரா மேல் தப்பில்லை. பளிச்சென்ற புள்ளியும் அதிலிருந்து மங்கலாக ஒரு வாலும் தெரிகிறதா? கேமரா கொஞ்ச நேரம் ஆடி, மீதி நேரம் அசையாமல் நின்றிருக்கிறது. அநேகமாக பட்டனை அழுத்திய கையின் வேலை. டைமரைக் கூட்டினால் சரியாகிவிடும். எனக்கு இந்த ஒரு பரிசோதனை மிச்சப்படுத்திய எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

ஜூம் பண்ணாதீர்கள். ஜூம் செய்யாத அகலக் கோணத்தில், அதாவது வைட்டில், எஃப் 2.8 ஆக இருக்கிற லென்ஸ் முழு ஜூமில் எஃப் 5.9 ஆகிவிடும் கேமராக்கள் ஏராளம் (எஃப் எண் கூடினால் வெளிச்சம் நுழைகிற வழி சுருங்குகிறது). அப்படியென்றால் உள்ளே வருவது நாலில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கும் குறைவு. நாலு எட்டு முன்னால் நடந்துவிடலாம்.

அடுத்து செட்டிங். டயலில் எல்லாவற்றையும் நாமே வைக்கிற எம் (M) மோடு இருந்தால் கவலையே இல்லை. எஸ் (S) அல்லது டிவி (Tv) இருந்தாலும் ஷட்டர் நேரத்தை நீங்களே வைக்கலாம். எதுவுமே இல்லாத கேமராவில் சீன் மோடுகளைத் துழாவுங்கள். வாணவேடிக்கை மோடு என்று ஒன்று பல கேமராக்களில் இருக்கும், யாரும் சீண்டுவதில்லை. பெரும்பாலும் அது ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து, ஃபோகஸைத் தொலைவில் நிறுத்தி, சில வினாடிகள் ஷட்டரைத் திறந்து வைக்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே? சிலவற்றில் 'லாங் ஷட்டர்' என்று மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். 'கையில் பிடித்து எடுக்கும் இரவு மோடு' மட்டும் வேண்டாம், அது சட்சட்டென்று பல படம் எடுத்து ஒட்டுகிற வேறு வித்தை.

எத்தனை வினாடி என்று ஊகித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சோதனைக்கு மட்டும் ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றி 1 வினாடியில் ஒரு படம் எடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. வெளிச்சம் சரியா, சட்டகம் கோணலா என்று மட்டும் பாருங்கள். சரியென்றால் ஐ.எஸ்.ஓ.வைப் பாதியாக்கும்போதெல்லாம் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்: 800க்கு 2 வினாடி, 400க்கு 4, 200க்கு 8, 100க்கு 16. என் கேமரா 15இல் நின்றுவிடும். அந்த ஒரு வினாடிக் குறை கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் திரை எப்போதும் தூக்கலாகத்தான் காட்டும், ஆகவே படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டுகிற வரைபடமான ஹிஸ்டோகிராமை நம்புங்கள். தெருவிளக்கின் நடுப்பகுதி வெள்ளையாக வெளிறிப்போனால் போகட்டும். எழுத்துப் பலகை வெளிறினால் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

எடுத்து முடித்ததும் கேமரா அதே 15 வினாடிக்கு உறைந்துபோன மாதிரி நிற்கும். பழுதென்று நினைத்து பேட்டரியைப் பிடுங்கிவிடாதீர்கள். ஷட்டரை மூடியபடி இன்னொரு படம் எடுத்து, அதில் தானாக மின்னுகிற பிக்சல்களை முதல் படத்திலிருந்து கழித்துக்கொண்டிருக்கிறது.

ஃபோகஸ் விஷயத்தில் சின்ன சென்சார்தான் ராஜா. வைட்டில் 3, 4 மீட்டர் தள்ளியிருக்கிற எதன்மீதாவது ஃபோகஸ் நின்றாலே தொடுவானம் வரை ஏறக்குறைய தெளிவாக வந்துவிடும். டார்ச் அடித்தோ, விளக்குக் கம்பத்தின் விளிம்பைக் காட்டியோ பட்டனைப் பாதி அழுத்திப் பூட்டுங்கள். மலைப் படம் போட்ட மோடு இருந்தால் அதுவும் சரி.

எப்போது எடுப்பது? கும்மிருட்டு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு வானம் கறுப்பு அட்டையாகத்தான் கிடைக்கும். சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆகிற சமயம், வானத்தில் கருநீலம் மிச்சமிருக்க விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் அப்போது குறைவு, சின்ன சென்சாரால் தாங்க முடியும். வாகன ஒளிக்கோடுகளுக்கும் இதே நேரம்தான். சாலை வளைகிற இடமாகப் பார்த்து, வண்டி சட்டகத்துக்குள் நுழையும் முன்பே டைமரை ஓட விடுங்கள். நடந்துபோகிறவர்கள் படத்தில் காணாமல் போவார்கள். 1838இல் புகைப்படக் கலையின் முன்னோடி டகேர் பாரிஸ் தெரு ஒன்றை எடுத்த படத்திலும் இதே கதைதான்: பல நிமிட எக்ஸ்போஷரில் தெருவின் நடமாட்டம் முழுக்க அழிந்து, காலணிக்கு மெருகு போடுவதற்காக நின்ற ஆளின் உருவம் மட்டும் பதிந்துவிட்டது.

நட்சத்திரத்துக்குப் போனால் ஐ.எஸ்.ஓ.வைக் கட்டிப் போடுகிற சட்டத்தை மீற வேண்டும். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் ஒரே பிக்சலில் நிற்காது. 500ஐ லென்ஸின் 35 மி.மீ. சமான குவியத்தால் (ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சொல்கிற குவியத் தூரம்) வகுத்தால், கோடாக இழுபடாமல் எத்தனை வினாடி தாங்கும் என்று தோராயமாகக் கிடைக்கும். 28 மி.மீ. என்றால் 18 வினாடிக்குக் கொஞ்சம் கீழே. நம் 15 அதற்குள் அடங்கிவிடுகிறது. இங்கே ஐ.எஸ்.ஓ.வை 800 வரை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

அதனால் வருகிற சொரசொரப்பை, அதாவது நாய்ஸைக் குறைக்க, ஒரே காட்சியைப் பல முறை எடுத்துச் சராசரியாக அடுக்குங்கள். 4 படம் சேர்ந்தால் நாய்ஸ் பாதியாகும், 16 சேர்ந்தால் கால்வாசி. நட்சத்திரங்களை நேர்ப்படுத்தி அடுக்க சீக்வேட்டர், கோடுகளாக இழுக்க ஸ்டார்ஸ்டாக்ஸ்; இரண்டும் இலவச மென்பொருள்கள். கோடு இழுக்கும்போது மட்டும், மின்னுகிற பிக்சல்களைக் கழிக்கிற அந்த வேலையை மெனுவில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேமரா ஓய்வெடுக்கிற ஒவ்வொரு 15 வினாடியும் கோட்டில் இடைவெளியாகத் தெரியும். உங்கள் கேமராவில் அதை அணைக்கவே வழியில்லையா? கோட்டை விட்டுவிட்டு, புள்ளியாக நிற்கிற நட்சத்திரங்களையே எடுங்கள்.