இயேசுவின் பாடுகள் படம்: பார்ப்பதும், பார்த்தபின் பேசுவதும்

இயேசுவின் மரணத்தைச் சொல்லும் படத்தைச் சபையாகவோ ஜெபக்குழுவாகவோ சேர்ந்து பார்த்தால், முடிந்ததும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசாமல் கலைந்துவிடுவார்கள். இல்லையென்றால் "வேதத்தில் இப்படி இல்லையே" என்று ஒருவர் ஆரம்பிப்பார், மீதி நேரம் அதிலேயே போய்விடும். படம் காட்டியது எது, வேதம் சொன்னது எது, எனக்குள் நடந்தது எது என்று மூன்றையும் பிரித்து வைக்கப் பழகினால் பேச்சு உருப்படியாக நடக்கும். மெல் கிப்சன் இயக்கி 2004-இல் வெளியான 'தி பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' படத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முறை எந்தப் பாடுகள் படத்துக்கும் பொருந்தும்.

முதல் வேலை வாசிப்பு. படத்துக்கு முன்பே நான்கு பேரிடம் ஆளுக்கொரு சுவிசேஷத்தைக் கொடுத்துவிடுங்கள்: மத்தேயு 26–27, மாற்கு 14–15, லூக்கா 22–23, யோவான் 18–19. நான்கில் யோவானின் பகுதிதான் சிறியது, 82 வசனங்கள். படம் தொடங்குவதற்கு முன் அதை மட்டும் எல்லாருக்கும் சத்தமாக வாசியுங்கள், நிதானமாக வாசித்தால் கால்மணி நேரம். மற்ற மூவரும் தங்கள் பகுதியை வீட்டிலேயே வாசித்துவிட்டு வரட்டும். படம் நான்கு சுவிசேஷங்களையும் கலந்துதான் கதை சொல்கிறது. ஏரோதின் முன் நிறுத்தும் காட்சி லூக்காவில் மட்டும் உண்டு. பிலாத்துவின் மனைவி கண்ட சொப்பனம் மத்தேயுவில் மட்டும். காது வெட்டுப்பட்டவனின் பெயர் மல்குஸ் என்று சொல்பவர் யோவான், அந்தக் காதை இயேசு குணமாக்கினார் என்று சொல்பவர் லூக்கா. ஆளுக்கொரு பகுதி கையில் இருந்தால் "இது எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும்.

படத்தின் நீளம் 127 நிமிடம். வாசிப்பு, அமைதி, பேச்சு எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வசனங்கள் அரமேயிக், எபிரெயம், லத்தீன் மொழிகளில் வருவதால் திரையின் அடியில் ஓடும் எழுத்தை வாசித்தே ஆக வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்து அது தெரிகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். முதல் காட்சியான கெத்செமனே தோட்டம் நீலம் கலந்த இருட்டில் எடுக்கப்பட்டது. ஜன்னல் வெளிச்சம் விழும் அறையில் புரொஜெக்டரில் போட்டால் ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது.

குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு 'ஆர்' சான்றிதழ் (17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்), பிரிட்டனில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும். 2005-இல் சில நிமிடங்கள் வெட்டிய பதிப்பு ஒன்று வந்தது, அதுவும் லேசானதல்ல. சவுக்கடிக் காட்சி நீளமானது, தாங்க முடியாவிட்டால் எழுந்து போகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். வீட்டிலோ வெளியிலோ அடி வாங்கி வாழ்ந்தவர்கள் கூட்டத்தில் இருக்கக்கூடும். அவர்கள் எழுந்து போவதை விசுவாசக் குறைவாகக் கணக்கிடுவது கொடுமை.

அந்தச் சவுக்கடியை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். யோவான் 19:1 ஒரே வரியில் முடித்துவிடுகிறது: பிலாத்து இயேசுவை வாரினால் அடிப்பித்தான். எத்தனை அடி என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் "39 அடி" யூதர்களின் வழக்கம். உபாகமம் 25:3 நாற்பதுக்கு மேல் கூடாது என்றதால் ஒன்று குறைத்து அடிப்பார்கள். 2 கொரிந்தியர் 11:24-இல் பவுல் வாங்கியதாகச் சொல்வது அதைத்தான். ரோமச் சேவகரை அந்த வரம்பு கட்டுப்படுத்தவில்லை. ஆக, படம் காட்டும் அளவு நடந்திருக்க முடியாது என்றும் சொல்ல முடியாது, வேதம் அப்படிச் சொல்கிறது என்றும் சொல்ல முடியாது.

வேதத்தில் இல்லாதவற்றில் முக்கியமானவை இவை. முகம் துடைக்கத் துணி கொடுக்கும் வெரோணிக்காவும், வழியில் மறுபடி மறுபடி விழுவதும் சிலுவைப்பாதை பக்தி மரபிலிருந்து, அதாவது இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாக நின்று தியானிக்கும் கத்தோலிக்க வழக்கத்திலிருந்து, வருபவை. பிலாத்துவின் மனைவி மரியாளுக்குத் துணி கொடுப்பது, கட்டப்பட்ட இயேசு பாலத்திலிருந்து கீழே தள்ளப்படுவது போன்றவை ஆன் கேத்தரின் எம்மெரிக் என்ற ஜெர்மானியக் கன்னியாஸ்திரீயின் தரிசனங்களாக 1833-இல் அச்சான நூலிலிருந்து எடுத்தவை. தோட்டத்தில் சாத்தானும் பாம்பும் வருவதும், காகம் கள்ளனின் கண்ணைக் கொத்துவதும் சுவிசேஷங்களில் கிடையாது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணாக மகதலேனா மரியாளைக் காட்டுகிறார்கள். யோவான் 8 அந்தப் பெண்ணுக்குப் பெயரே சொல்லவில்லை. இவற்றைத் தப்பு என்று அடித்துவிட்டுப் போகத் தேவையில்லை. தோட்டத்தில் இயேசு பாம்பின் தலையை மிதிப்பது, சர்ப்பத்தின் தலை நசுக்கப்படும் என்று சொல்லும் ஆதியாகமம் 3:15-ஐ நினைவூட்டுகிறது, அதைப் பேசலாம். மகதலேனா விஷயத்தை மட்டும் தெளிவாகத் திருத்திவிடுங்கள், ஏனென்றால் படம் பார்த்தவர்கள் அதையே வேதமென்று நம்பிவிடுகிறார்கள்.

தவறவிடக் கூடாத இன்னொரு இடம் மத்தேயு 27:25, இரத்தப்பழியைத் தங்கள்மேல் ஏற்கும் கூட்டத்தின் குரல். படத்தில் அந்த வசனம் அரமேயிக்கில் ஒலிக்கிறது, திரையில் எழுத்து வராது. இந்த ஒரு வசனத்தை வைத்து யூதர்களை நூற்றாண்டுக் கணக்கில் துன்புறுத்தியதுதான் படம் வந்தபோது எழுந்த எதிர்ப்புக்குப் பின்னணி. இயேசுவின் மரணப் பழியை அன்றிருந்த எல்லா யூதர்கள்மேலும், இன்றைய யூதர்கள்மேலும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற ஆயர்கள் பேரவையின் வழியாக அறிவித்தது. கூட்டத்தில் யாராவது "யூதர்கள்தான் கொன்றார்கள்" என்று ஆரம்பித்தால் நடத்துபவர் உடனே குறுக்கிட வேண்டும். இயேசுவும் மரியாளும் சீஷர்களும் யூதர்கள். ஆணியடித்தவர்கள் ரோமச் சேவகர்கள்.

படம் முடிந்ததும் விளக்கைப் போடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள், பாட்டும் வேண்டாம். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்து பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன் பேச விட்டால் முதலில் பேசுபவரின் உணர்ச்சியே எல்லாருடைய உணர்ச்சியும் ஆகிவிடும். "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "ரொம்ப உருக்கம்" என்பதற்கு மேல் பதில் வராது. மூன்று கேள்விகள் போதும்: எந்த ஒரு காட்சி மனதில் நிற்கிறது? அது எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது, அல்லது எதிலும் இல்லையா? அந்த இடத்தில் நான் யாராக நின்றேன், பேதுருவாகவா, சிலுவையைச் சுமக்க வைக்கப்பட்ட சிரேனே ஊரானாகிய சீமோனாகவா, வேடிக்கை பார்த்தவனாகவா?

பேச்சுக்கு 45 நிமிடம். அழுதவர்களைப் புகழ வேண்டாம், அழாதவர்களை விசாரிக்கவும் வேண்டாம். பரிதாபமும் மனந்திரும்புதலும் வேறு. லூக்கா 23:28-இல் அழுகிற பெண்களிடம் இயேசு, எனக்காக அழாமல் உங்களுக்காக அழுங்கள் என்கிறார். பேச்சு துளியும் நகராவிட்டால் இந்த வசனத்தை வாசித்தாலே போதும்.

உயிர்த்தெழுதலுக்குப் படம் கடைசியில் ஒரு நிமிட அளவே இடம் கொடுக்கிறது. அதனால் அடுத்த கூடுகைக்கு யோவான் 20-ஐ வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள், எழுதிய தாளையும் கையோடு கொண்டு வரட்டும்.