கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் எலெக்டிவ் தேர்வும் கட்டாய வாசிப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவில் மகளைக் கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோர் கணக்கையும் அறிவியலையும் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள். இலக்கியம், வரலாறு, சமயம், கலை என்று வந்தால் "எது கிடைக்கிறதோ எடுத்துக்கொள்" என்று விட்டுவிடுவார்கள். அங்கே விட்ட ஓட்டை 12-ஆம் வகுப்பில் கல்லூரி விண்ணப்பம் போடும்போதுதான் தெரியவரும். அப்போது அடைக்க நேரம் இருக்காது.

முதலில், தியாலஜி எனப்படும் சமயப் பாடத்துக்கு விலக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாணவி எந்த மதத்தைச் சேர்ந்தவளானாலும் நான்கு வருடமும் படிக்க வேண்டும் என்பதே பொதுவாக இந்தப் பள்ளிகளின் விதி. மதிப்பெண் பாட அறிவுக்குத்தான், விசுவாசத்துக்கு அல்ல. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2008-இல் வெளியிட்ட பாடத்திட்ட வரைவில் ஆறு அடிப்படைப் பாடங்களும், ஐந்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடங்களும் உண்டு. செமஸ்டருக்கு ஒன்று என்றால் எட்டு செமஸ்டரும் நிரம்பிவிடும். அந்த ஐந்தில் திருச்சபை வரலாற்றைப் பள்ளி நடத்துகிறது என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். ஐரோப்பிய வரலாறும் கலை வரலாறும் படிக்கப்போகும் பெண்ணுக்குப் பாதிப் பின்னணி அதிலேயே கிடைத்துவிடும்.

இதன் விளைவு கால அட்டவணையில் தெரியும். ஒரு நாளைக்கு 7 பீரியட் உள்ள பள்ளியில் நான்கு வருடத்துக்கு 28 இடங்கள். ஆங்கிலம் 4, தியாலஜி 4, கணக்கு 4, அறிவியல் 4, வரலாறு 3, வேற்று மொழி 3, கலை 1, உடற்கல்வி 1. கூட்டினால் 24. எலெக்டிவுக்கு, அதாவது மகளே விரும்பித் தேர்ந்தெடுக்கும் பாடங்களுக்கு, மீதி நான்கே நான்கு. அதனால் 9-ஆம் வகுப்பிலேயே நான்கு வருடத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். உளவியலும் வேண்டும், கிரியேட்டிவ் ரைட்டிங்கும் வேண்டும், கலை வரலாறும் வேண்டும் என்றால் எதை எந்த வருடம் வைப்பது என்பது அப்போதுதான் புரியும்.

பெயரைப் பார்த்துப் பாடம் எடுப்பது

கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஏ முதல் ஜி வரை ஏழு பிரிவுகளில் 15 வருடப் பாடங்கள் வேண்டும். தனியார் பள்ளியின் பாடங்களும் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருந்தால்தான் கணக்கில் வரும். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பள்ளியின் பெயரைப் போட்டு, மகள் படிக்கும் கல்வியாண்டைத் தேர்ந்தெடுத்து, பாடத்தின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக் கையேட்டில் இருப்பதெல்லாம் அதில் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இங்கே மூன்று இடங்களில் சறுக்குகிறது. ஒன்று, கலைப் பாடம். எஃப் பிரிவுக்கு ஒரே கலைத் துறையில் ஒரு வருடம் வேண்டும். முதல் செமஸ்டர் செராமிக்ஸ், அடுத்த செமஸ்டர் நாடகம் என்று பிரித்து எடுத்தால் இரண்டிலும் 'ஏ' மதிப்பெண் வாங்கியும் அந்தப் பிரிவு நிறையாது.

இரண்டு, தியாலஜியில் வாங்கும் மதிப்பெண். ஒரு மதத்தின் போதனையாக நடக்கும் பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்பதில்லை. உலகச் சமயங்கள், அறவியல் போன்றவை ஆய்வு நோக்கில் நடந்து, அங்கீகாரமும் பெற்றிருந்தால் விருப்பப் பாடங்களுக்கான ஜி பிரிவில் வரலாம். பள்ளி போடும் ஜிபிஏ-வை, அதாவது சராசரி மதிப்பெண்ணை, தியாலஜி உயர்த்தியிருக்கும். பல்கலைக்கழகம் தானே போடும் கணக்கில் அது காணாமல் போய்விடும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, வழக்கமானதைவிடக் கடினமான பாடத்தைக் குறிக்கும் 'ஹானர்ஸ்' என்ற சொல். பள்ளி ஹானர்ஸ் என்று அழைப்பதாலேயே பல்கலைக்கழகத்தின் ஜிபிஏ கணக்கில் கூடுதல் புள்ளி கிடைக்காது. பட்டியலில் அந்தப் பாடத்துக்கு எதிரே ஹானர்ஸ் குறி இருக்க வேண்டும். கூடுதல் புள்ளி 10, 11-ஆம் வகுப்புப் பாடங்களுக்கு மட்டும், அதிகபட்சம் 8 செமஸ்டருக்கு. அவற்றில் 10-ஆம் வகுப்பிலிருந்து 4-க்கு மேல் சேராது.

கிடைத்த பதிப்பை வாங்குவது

வாசிப்புப் பட்டியலில் தலைப்பை மட்டும் பார்த்து மலிவான பிரதியை வாங்குவது சிறிய சிக்கனம், பெரிய தலைவலி. ஐஎஸ்பிஎன் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலுக்கு 1818, 1831 என்று இரண்டு வடிவங்கள் உண்டு. முதலாவதில் எலிசபெத், விக்டருக்கு அத்தை மகள். இரண்டாவதில் அந்தக் குடும்பம் எடுத்து வளர்த்த அநாதைப் பெண். அத்தியாய எண்களும் மாறும். 1831-இல் தொடர்ச்சியாக 24 அத்தியாயங்கள். 1818-இல் மூன்று பாகங்கள், ஒவ்வொன்றிலும் எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். உருவாக்கப்பட்ட உயிர் தன் கதையைச் சொல்லத் தொடங்கும் இடத்தை ஆசிரியை "11-ஆம் அத்தியாயம்" என்பார். மகளின் புத்தகத்தில் அது இரண்டாம் பாகத்தின் மூன்றாம் அத்தியாயமாக இருக்கும். 'ஒடிசி'யிலும் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு வரி எண் மாறும். வேறு பிரதியிலிருந்து மேற்கோள் காட்டினால் ஆசிரியையால் சரிபார்க்க முடியாது.

விவிலியத்தில் இது இன்னும் முக்கியம். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், புராட்டஸ்டண்ட் பதிப்புகளில் பொதுவாக 66. கைக்குக் கிடைத்த கிங் ஜேம்ஸ் பதிப்பில் யூதித்து நூலைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. எதிரிப் படைத்தலைவன் ஒலோபெரினின் தலையை வெட்டித் தன் ஊரைக் காப்பாற்றிய கைம்பெண்ணின் கதை அது; பெண்கள் பள்ளியில் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. சூசன்னாவின் கதை, கத்தோலிக்கப் பதிப்பில் தானியேல் 13-ஆம் அதிகாரம். வீட்டில் தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பு இருந்தால் இணைத்திருமுறைப் பகுதியில் இவை கிடைக்கும். பெற்றோரும் சேர்ந்து படிக்கலாம். கட்டுரையில் மேற்கோள் மட்டும் பள்ளி சொன்ன ஆங்கிலப் பதிப்பிலிருந்தே வர வேண்டும்.

ஜூனில் படித்து ஆகஸ்டில் மறப்பது

கோடை வாசிப்பை விடுமுறையின் முதல் வாரத்திலேயே முடித்துவிட்டால், பள்ளி திறந்ததும் வரும் தேர்வில் பெயர்கள்கூட நினைவுக்கு வராது. கடைசி நான்கு நாளில் தொடங்கினால் சுருக்கத்தோடு நின்றுவிடும். பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கும்போது தொடங்கி, பக்கங்களை நாள்களால் வகுத்துப் படிப்பது நல்லது. இணையச் சுருக்கங்கள் கதைப்போக்கைத் தரும். தேர்விலோ யார் சொல்கிறார், எந்தச் சூழலில், எந்தச் சொல்லால் என்று கேட்பார்கள்.

பக்கம் முழுக்க மஞ்சள் பூசுவது குறிப்பெடுத்தல் ஆகாது. ஒரு வரியைக் கோடிட்டால் ஓரத்தில் ஏன் என்று ஐந்தாறு சொல்லாவது எழுத வேண்டும். ஏபி எனப்படும் கல்லூரி நிலைப் பாடங்களில் ஒன்றான ஆங்கில இலக்கியத்தின் தேர்வில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளி. அதில் 4 சான்றுக்கும் விளக்கத்துக்கும் சேர்த்துத்தான். மேற்கோளை அடுக்கிவிட்டு விளக்காமல் போனால் அந்த நாலில் பாதிகூடத் தேறுவது கடினம். மூன்றாவது கட்டுரைக்கு எந்தப் பகுதியும் தரமாட்டார்கள். முன்பு படித்த ஒரு நாவலையோ நாடகத்தையோ நினைவிலிருந்து எழுத வேண்டும். அதற்கு 9, 10-ஆம் வகுப்பில் படித்தவையும் உதவும். எனவே ஒவ்வொரு புத்தகத்தையும் முடித்ததும் முக்கியப் பாத்திரங்கள், மூன்று திருப்பங்கள், நாலைந்து குட்டி மேற்கோள்கள், முடிவு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதித் தேதி போட்டு வைக்கட்டும். வருடக் கடைசியில் புத்தகத்தைப் பழைய விலைக்கு விற்றாலும் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு விற்கலாம்.